லண்டன் - சிட்னி: தூரம் அதேதான், நேரம்தான் மாறியது

லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவே எவ்வளவு தூரம்? பூமி உருண்டை பொம்மை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களையும் ஒரு நூலால் இழுத்துக் கட்டி அளந்தால் சுமார் 17,000 கிலோமீட்டர் வரும். பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. அப்படியென்றால் இந்த உலகத்தில் எந்த இரண்டு ஊர்களும் 20,000 கி.மீ.க்கு மேல் விலகி இருக்க முடியாது. லண்டனும் சிட்னியும் அந்த எல்லைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கின்றன.

தூரம் கேட்டாகிவிட்டது. எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கேள்விக்குத்தான் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில். 1787 மே 13-ம் தேதி போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 11 கப்பல்கள் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது 1788 ஜனவரியில். ஏறக்குறைய 250 நாட்கள். இப்போது சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒருமுறை இறங்கி ஏறினால் ஒரு நாளுக்குள் போய்விடலாம்.

"விமானம் வந்தது, வேகம் கூடியது, நேரம் குறைந்தது, இதில் என்ன வரலாறு இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பதில் பாதிதான் சரி. ஜெட் விமானங்கள் 1959-ல் இந்தப் பாதைக்கு வந்தபோது மணிக்கு 900 கி.மீ. அளவில் பறந்தன. இன்றும் அதே 900 தான். அப்படியானால் அதற்குப் பிறகு குறைந்த நேரமெல்லாம் எங்கிருந்து வந்தது? பறப்பதில் அல்ல, இறங்குவதில் மிச்சம் பிடித்தது! லண்டன் - சிட்னி பயணத்தின் வரலாறு என்பது வழியில் இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போன வரலாறு.

கப்பல் காலத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். பாய்மரக் கப்பல்களில் மிக வேகமானவை கிளிப்பர் கப்பல்கள். ஆஸ்திரேலியக் கம்பளியை ஏற்றிக்கொண்டு 1885-ல் கட்டி சார்க் என்ற கப்பல் சிட்னியிலிருந்து இங்கிலாந்துக்கு 73 நாட்களில் வந்தது. அன்றைக்கு அது பெரிய சாதனை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் பாதையைச் சுருக்கின. 1872-ல் தந்தி இணைப்பு வந்தது. லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா போன அந்தக் கம்பி நம்ம சென்னைப் பட்டணத்தைத் தொட்டு, அங்கிருந்து கடலடியில் பினாங்கு, சிங்கப்பூர், ஜாவா என்று போனது. ஆக, செய்தி மட்டும் மணிக்கணக்கில் போக ஆரம்பித்தது. அதை அனுப்பிய மனிதனோ வாரக்கணக்கில்தான் போக முடிந்தது.

முதல் உலகப் போர் முடிந்தது. ஐரோப்பாவில் ஆஸ்திரேலிய விமானிகள் பலர் ஊர் திரும்பக் காத்திருந்தார்கள். 1919-ல் ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் ஒரு போட்டியை அறிவித்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாட்களுக்குள், 1920-ம் ஆண்டு முடிவதற்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்ட் பரிசு. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. அட்லாண்டிக்கை ஒரே மூச்சில் முதன்முதலில் தாண்டியதே அதே ஆண்டு ஜூனில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஹியூஸ் எவ்வளவு பெரிய காரியத்தைக் கேட்டார் என்பது புரியும்.

ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள், அவர்களோடு ஜிம் பென்னட், வாலி ஷியர்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகள். நால்வரும் விக்கர்ஸ் விமி என்ற இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் 1919 நவம்பர் 12 அன்று லண்டனுக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள். அன்று வானிலை அறிக்கை "பறக்கவே தகுதியில்லாத நாள்" என்று சொன்னது. கிளம்பிவிட்டார்கள். விமானி உட்காருகிற இடத்துக்கு மேற்கூரை கிடையாது. பிரான்சுக்கு மேலே குளிரில் கையில் இருந்த சாண்ட்விச் கல்லாக உறைந்துபோனதாம். விமானத்தின் பதிவு எழுத்துகள் ஜி-இஏஓயு. "கடவுளே, எங்கள் எல்லோரையும் காப்பாற்று" என்பதன் சுருக்கம் என்று அவர்களே அதற்கு விளக்கம் வைத்துக்கொண்டார்கள். (பயத்திலும் ஒரு நகைச்சுவை!)

ரோம், கெய்ரோ, டமாஸ்கஸ், பஸ்ரா, கராச்சி, டெல்லி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர் என்று ஒவ்வொரு ஊராக இறங்கி இறங்கிப் போனார்கள். ஜாவாவின் சுரபாயாவில் விமானத்தின் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட்டன. ஓடுபாதை என்று பெயர்தான், கீழே ஈர மண். அந்த ஊர் மக்கள் தங்கள் வீடுகளில் இருந்த மூங்கில் பாய்களை எல்லாம் கொண்டுவந்து வரிசையாக விரித்தார்கள். பாய் மேல் ஓடித்தான் விமானம் எழும்பியது. முகம் தெரியாத யாரோ நாலு பேர் ஜெயிப்பதற்காகத் தங்கள் பாயைக் கொண்டுவந்து கொடுத்த அந்த ஜனங்களின் பெயர் பரிசுப் பட்டியலில் இல்லை.

டிசம்பர் 10-ம் தேதி டார்வின் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் 27 நாள் 20 மணி நேரம், அதாவது 668 மணி நேரம். இதில் அவர்கள் உண்மையாகவே வானத்தில் இருந்தது எவ்வளவு? சுமார் 135 மணி நேரம். ஐந்தில் ஒரு பங்குதான்! மீதி நாலு பங்கும் தரையில்: பெட்ரோல் ஊற்ற, எஞ்சினைப் பிரித்துப் பார்க்க, சேற்றைத் தள்ள, வரவேற்புகளில் சிரிக்க, கொஞ்சம் தூங்க. இந்த 135-க்கும் 668-க்கும் உள்ள இடைவெளியைத்தான் அதன்பின் வந்தவர்கள் நூறு வருடமாக அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. போட்டி டார்வினோடு முடிந்துவிட்டது. ஆனால் டார்வினிலிருந்து சிட்னி வர அவர்களுக்கு இரண்டு மாதம் ஆனது! வழியில் எஞ்சின் பழுதாகி, அதை ரயில்வே பட்டறைக்கு அனுப்பிச் சரிசெய்து, சிட்னிக்கு வந்தபோது 1920 பிப்ரவரி. பாதி உலகத்தை 28 நாளில் தாண்டியவர்களை சொந்த நாடு இரண்டு மாதம் நிறுத்தி வைத்தது.

பரிசுப் பணத்தை நால்வரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் 'சர்' பட்டம் சகோதரர்கள் இருவருக்கு மட்டும். எஞ்சினோடு மல்லுக்கட்டிய பென்னட்டுக்கும் ஷியர்ஸுக்கும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. ராஸ் ஸ்மித்தும் பென்னட்டும் 1922 ஏப்ரலில் வேறொரு விமானத்தைச் சோதித்துப் பார்க்கும்போது விழுந்து ஒன்றாக இறந்தார்கள். ஒருவர் சர், ஒருவர் சர் அல்ல.

அதே போட்டியில் கிளம்பிய மற்றவர்கள் கதை இன்னும் சோகம். ஒரு ஜோடி கிளம்பிய சில நிமிடங்களிலேயே லண்டனுக்குப் பக்கத்திலேயே விழுந்து இறந்தது. இன்னொரு ஜோடி கிரேக்க நாட்டின் கார்ஃபு தீவுக்குப் பக்கத்தில் கடலில் போனது. ரே பாரர், ஜான் மெக்கின்டாஷ் என்ற இருவர் மட்டும் விடாமல் பறந்து, 30 நாள் கெடு எல்லாம் முடிந்து, 1920 ஆகஸ்டில், 206 நாள் கழித்து டார்வினில் இறங்கினார்கள்.

1928-ல் பெர்ட் ஹிங்க்லர் தனி ஆளாக 15 நாட்களில் டார்வின் போனார். 1930-ல் ஏமி ஜான்சன் என்ற இளம்பெண் தனியாக 19 நாட்களில் பறந்தார். இந்தப் பாதையில் தனியாகப் பறந்த முதல் பெண் அவர்தான். 1933-ல் மறுபடியும் சாதனை செய்யக் கிளம்பிய ஹிங்க்லர் இத்தாலி மலையில் மோதி இறந்தார். ஆஸ்திரேலியாவின் பெரிய விமானியான சார்ல்ஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் 1935 நவம்பரில் அலகாபாத்திலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பினார். பர்மாக் கடலோரத்தில் காணாமல் போனார். இந்த 17,000 கி.மீ. சும்மா சுருங்கவில்லை.

சாகசம் ஒரு பக்கம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போகிற சாதாரணப் பயணம்? (சாதாரணம் என்றால் பணக்காரச் சாதாரணம்!) 1935-ல் பிரிஸ்பேனுக்கும் லண்டனுக்கும் இடையே பயணிகள் சேவை ஆரம்பித்தது. 12 நாட்களுக்கு மேல் ஆனது. இதில் நடுவே கொஞ்ச தூரம் ரயில்! இத்தாலியின் மேலே பறக்க அனுமதி கிடைக்காததால் பாரிசிலிருந்து பிரிண்டிசி வரை பயணிகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விமான டிக்கெட்டில் ரயில் பயணம் இலவசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

1938-ல் நீரில் இறங்கும் பெரிய 'பறக்கும் படகு' விமானங்கள் வந்தன. சிட்னியின் ரோஸ் பே விரிகுடாவில் ஏறினால் ஒன்பதரை நாளில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன். இரவில் பறக்க மாட்டார்கள். சாயங்காலம் ஆனால் ஒரு ஊரில் இறங்கி ஹோட்டலில் தூங்கி, காலையில் மறுபடி ஏற வேண்டும். நிறுத்தங்கள் முப்பதை நெருங்கின. ராஜஸ்தானின் ராஜ்சமந்த் ஏரி, குவாலியர், அலகாபாத், பர்மாவின் அக்யாப், ஆஸ்திரேலியாவின் வட முனையில் கரும்பா... இதெல்லாம் அன்று லண்டன் - சிட்னி பாதையின் சர்வதேச விமான நிலையங்கள்! ராஜ்சமந்த் ஏரியில் லண்டனுக்குப் போகிற விமானம் இறங்கியது என்று இன்று யாராவது சொன்னால் நம்புவோமா? அந்த விமானத்தால் அடுத்த ஊர் வரைக்கும்தான் பறக்க முடியும் என்பதால் அந்த ஏரிக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதிக தூரம் பறக்கிற விமானம் வந்த அன்றே அந்த மதிப்பு போய்விட்டது. ரயில் பாதை மாறினால் செத்துப்போகிற ஜங்ஷன் ஊர்களைப் போலத்தான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்தது. அத்தோடு பாதை நடுவில் அறுந்துவிட்டது. மலாயா, ஜாவா, பர்மா எல்லாம் ஜப்பானிடம். ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு ராணுவக் கடிதமும் அதிகாரிகளும் எப்படிப் போவது? இந்த இடத்தில்தான் கதைக்குள் இலங்கை வருகிறது.

ஆஸ்திரேலியாவின் மேற்கு முனையில் பெர்த். இலங்கையின் தெற்கே, காலி நகரத்துக்குப் பக்கத்தில் கொக்கல ஏரி. நடுவில் இந்தியப் பெருங்கடல், சுமார் 5,650 கி.மீ. தண்ணீர். 1943-ன் நடுவில் குவான்டாஸ் நிறுவனத்தார் காட்டலினா என்ற நீர் விமானங்களை வைத்து இந்த இரண்டு இடங்களையும் நிற்காமல் இணைத்தார்கள். மொத்தம் ஐந்து விமானங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர், ஏனென்றால் வழி கண்டுபிடிக்க நட்சத்திரங்கள்தான் துணை. ஜப்பான்காரர்கள் கேட்டுவிடக்கூடாது என்று ரேடியோவில் பேசக்கூடாது. ஆயுதமும் கிடையாது. ஜப்பான் விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் தாண்டும்படி நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும்.

காட்டலினாவின் வேகம் மணிக்கு 200 கி.மீ. சொச்சம். நம் ஊர் எக்ஸ்பிரஸ் ரயிலைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். ஆக 27 மணியிலிருந்து 33 மணி நேரம் வரை ஒரே மூச்சில் பறக்க வேண்டும். அவ்வளவு நேரத்துக்கு வேண்டிய பெட்ரோலை ஏற்றினால் வேறு எதற்கும் இடம் இல்லை. தேவையில்லாத சாமான்களை எல்லாம் கழற்றி எறிந்தார்கள். பயணிகள் அதிகபட்சம் மூன்று பேர், கொஞ்சம் தபால் மூட்டை. அவ்வளவே. கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றால் அந்தப் பாரத்தோடு விமானம் வானில் நிற்காது. எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் ஏறினார்கள்.

அந்தப் பயணத்தில் ஒருமுறை ஏறினால் சூரியன் உதிப்பதை இரண்டு தடவை பார்க்கலாம். அதனால் 'இரட்டைச் சூரிய உதயம்' என்று பெயர் வந்தது. பயணிகளுக்கு 'இரட்டைச் சூரிய உதய ரகசியச் சங்கம்' என்ற பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், 24 மணி நேரத்துக்கு மேல் வானத்தில் இருந்தவர் என்று. 1945 வரை 271 தடவை அந்தக் கடலைத் தாண்டினார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை. இந்தக் கதையிலேயே மிகவும் நம்ப முடியாத எண் அந்த 271 தான்.

ஆனால் கொக்கலவில் இருந்தவர்களுக்கு இது வேறு கதை. அந்த ஏரிக்கரையில் விமானத்தளம் அமைப்பதற்காக அங்கிருந்த கிராமத்து ஜனங்களை வீடுகளைக் காலி செய்யச் சொன்னது பிரிட்டிஷ் ராணுவம். சிங்கள இலக்கியத்தின் பெரிய எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீடு தப்பித்தது, இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. சுற்றியிருந்த ஊர் தப்பவில்லை. சுரபாயாவில் பாயைக் கொடுத்தார்கள், கொக்கலவில் ஊரையே கொடுத்தார்கள். அங்கே மனமுவந்து, இங்கே உத்தரவுக்குப் பயந்து.

போர் முடிந்ததும் அந்த நட்சத்திர விமானங்களை ஆஸ்திரேலியக் கடலில் வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். அமெரிக்காவிடம் குத்தகைக்கு வாங்கியவை. ஒப்பந்தப்படி அவற்றை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யக்கூடாது. 271 தடவை கடலில் விழாத விமானங்களைக் கடைசியில் ஒரு காகிதம் கடலில் தள்ளியது.

1947 டிசம்பர் 1 அன்று சிட்னியிலிருந்து லண்டன் வரை ஒரே நிறுவனத்தின் ஒரே விமானத்தில் போகும் சேவையை குவான்டாஸ் ஆரம்பித்தது. கான்ஸ்டலேஷன் விமானம், 29 பயணிகள், நாலு நாள். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி ஆகிய ஆறு ஊர்களில் மட்டும் நின்றது. முப்பது ஊர் ஆறாகக் குறைந்துவிட்டது! போய்வர டிக்கெட் 585 பவுண்ட். அந்த விமானத்துக்கு வைத்த பெயர் 'சார்ல்ஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித்'. இதே பாதையில் காணாமல் போன மனிதரின் பெயர் தாங்கிய விமானம் பத்திரமாக லண்டன் போய் இறங்கியது.

அதே காலத்தில் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேற விரும்பியவர்கள் பத்து பவுண்ட் மட்டும் கட்டிக் கப்பலில் போகலாம் என்று அரசாங்கத் திட்டம் ஒன்று இருந்தது. கொழும்பில் நின்று, ஐந்தாறு வாரம் கடலில். இரண்டு வருடத்துக்குள் திரும்பி வந்தால் முழுப் பயணச் செலவையும் கட்ட வேண்டும். போக 10 பவுண்ட், விமானத்தில் போய்வர 585 பவுண்ட். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், துறைமுகத்தில் மகளை வழியனுப்பிய ஒரு தாய் ஏன் அப்படி அழுதிருப்பாள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்க முடியாது, சம்பளத்திலும் அளக்க வேண்டும்.

பிறகு ஜெட் வந்தது, 1971-ல் குவான்டாஸிடம் ஜம்போ 747 வந்தது, ஒரே விமானத்தில் முன்னூறுக்கும் மேற்பட்டவர்கள் ஏறினார்கள், டிக்கெட் விலை இறங்கியது. கல்கத்தா, கராச்சி, திரிபோலி எல்லாம் பட்டியலிலிருந்து விழுந்தன. 1985 பிப்ரவரியில் ஒலியை மிஞ்சும் கான்கார்ட் விமானம் லண்டனிலிருந்து சிட்னிக்கு 17 மணி 3 நிமிடத்தில் வந்தது. சாதாரண ஜெட்டைப்போல இரண்டு மடங்கு வேகம், ஆனால் 17 மணி நேரம்! காரணம் அதேதான். அதன் டேங்க் சின்னது, வழியில் இறங்கி இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. வேகம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1989 ஆகஸ்டில்தான் முதன்முறையாக ஒரு பயணிகள் விமானம் லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்குமே இறங்காமல் வந்தது. குவான்டாஸின் புத்தம் புதிய போயிங் 747-400, 20 மணி 9 நிமிடம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் டிக்கெட் வாங்கிய பயணி ஒருவர்கூட இல்லை! இருபத்துச் சொச்சம் பேர் மட்டும். அடர்த்தி அதிகமான தனி எரிபொருளை வரவழைத்து ஊற்றினார்கள். ஓடுபாதை வரை போக எஞ்சினைப் போட்டால் எரிபொருள் வீணாகும் என்று வண்டி வைத்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

இங்கே கொஞ்சம் வியாபாரக் கணக்கு. பதினேழாயிரம் கி.மீ. நிற்காமல் பறக்க வேண்டுமென்றால் கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பத்தொன்பது மணி நேரமும் சுமந்துகொண்டு போக வேண்டும். அதைச் சுமப்பதற்கே தனியாக எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளையும் சுமக்க வேண்டும். நடுவில் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை, கூடவே சிங்கப்பூரில் ஏறுகிற பயணிகளின் காசும் கிடைக்கும். ஆக, நிற்காமல் பறப்பது செலவு, நிற்பது வரவு. முடியும் என்று 1989-லேயே காட்டிவிட்டார்கள். விற்கும் என்று யாரும் நம்பவில்லை.

இருந்தாலும் எங்கே நிற்பது என்பது கடைசிவரை சண்டைக்குரிய விஷயமாகவே இருந்தது. குவான்டாஸ் 2013-ல் தன் நிறுத்தத்தை சிங்கப்பூரிலிருந்து துபாய்க்கு மாற்றியது, 2018-ல் திரும்பவும் சிங்கப்பூருக்கே வந்தது. ராஜ்சமந்த் ஏரியைக் கைவிட்ட அதே கணக்குதான், ஊர்தான் பெரியது.

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நிற்காமல் போகும் தினசரி சேவை ஆரம்பித்தது. சுமார் 14,500 கி.மீ., 17 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆஸ்திரேலியாவும் ஐரோப்பாவும் நடுவில் எந்த ஊரும் இல்லாமல் இணைந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் பூமியில் நிற்காவிட்டாலும் பூமியில் நடப்பதிலிருந்து தப்ப முடியவில்லை. 2024 ஆகஸ்டில் மத்தியக் கிழக்கில் பதற்றம் கூடி ஈரான் வான்வெளியைத் தவிர்க்க வேண்டி வந்தபோது, பெர்த்திலிருந்து லண்டன் போகும் விமானம் கொஞ்ச காலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது.

சிட்னியை மட்டும் இன்னும் பிடிக்க முடியவில்லை. 2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு ஆராய்ச்சிப் பயணம் நடத்தினார்கள். சுமார் ஐம்பது பேர், 19 மணி 19 நிமிடம். இவ்வளவு நேரம் உட்கார்ந்தால் மனித உடம்பு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். விமானிகளின் தலையில் மூளை அலைகளை அளக்கும் கருவி, பயணிகளின் கையில் தூக்கத்தைக் கணக்கெடுக்கும் கருவி, நடுவில் எல்லோரையும் எழுப்பி உடற்பயிற்சி. 1919-ல் எஞ்சின் தாங்குமா என்று கவலைப்பட்டார்கள், 2019-ல் எஞ்சின் தாங்கும், ஆள் தாங்குவானா என்று கவலை!

2022 மே மாதம் குவான்டாஸ் இதற்காகவே 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கூடுதலாக 20,000 லிட்டர் எரிபொருள் டேங்க் ஒன்று வைத்து, அதற்கு ஈடாக இருக்கைகளை 238 ஆகக் குறைத்தார்கள். முன்னூறுக்கும் மேல் உட்கார வைக்கக்கூடிய விமானம் அது. காட்டலினாவில் மூன்று பேரை மட்டும் ஏற்றிய அதே நியாயம்தான்: எரிபொருளுக்கு இடம் கொடுத்த பிறகு மிச்சம் இருப்பதுதான் மனிதனுக்கு. 2025-ல் ஆரம்பிக்கும் என்று சொன்ன சேவை தள்ளித் தள்ளிப் போய் 2027 என்று ஆகியிருக்கிறது.

லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே அதிகபட்சம் 22 மணி நேரம் ஆகலாம் என்கிறார்கள். கிழக்கே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், மேற்கே போகும்போது முகத்தில் அடிக்கும், அதனால் சிட்னியிலிருந்து லண்டன் போவதுதான் அதிக நேரம். இந்தத் திட்டத்துக்குக் குவான்டாஸ் வைத்திருக்கும் பெயர் 'ப்ராஜெக்ட் சன்ரைஸ்'. கொக்கல ஏரியில் இறங்கிய அந்த ஐந்து விமானங்களின் நினைவாக வைத்த பெயர். 2019 ஆராய்ச்சிப் பயணத்தில் போனவர்களும் ஜன்னல் வழியாகச் சூரியன் இரண்டு தடவை உதிப்பதைப் பார்த்தார்கள்.